மோட்டார் விலை ஒரு தடவை, கரண்ட் பில் மாசாமாசம்

திருப்பூர் வரலாறுன்னா நூல், சாயம், ஏற்றுமதின்னு பேசுவோம். இன்னைக்கு யாரும் பேசாத ஒண்ணு: மோட்டார்.

1930-களின் தொடக்கத்துல நீலகிரி பைக்காராவில் இருந்து மின்சாரம் கோயம்புத்தூர் சமவெளிக்கு வந்தது. மில்லுகள் பெருகின, கிணத்துக்கு பம்பு செட் வந்தது. ஆனா மோட்டார் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையில மோட்டார் செஞ்சாங்க. இந்தியாவிலேயே உருவான முதல் மோட்டார்னு அதைத்தான் பொதுவா சொல்றாங்க. பாலசுந்தரம் பிறகு டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அதுக்கப்புறம் கோவையில மோட்டார், பம்பு பட்டறைகள் பெருகிச்சு. கூடவே காயில் கட்டுற கடைகளும். திருப்பூருக்கு இது பெரிய பலம். முன்னாடி கையால சுத்தின நிட்டிங் மெஷினுக்கு மோட்டார் வந்தப்போ, அதைச் செய்யறவங்களும் ரிப்பேர் பண்றவங்களும் 50 கிலோமீட்டருக்குள்ள இருந்தாங்க. கையில கொஞ்சம் பணம் இருக்கிறவர் தைரியமா தொழில் தொடங்க முடிஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

அந்தப் பழக்கமே இன்னைக்குச் செலவு வைக்குது. எப்படின்னு ஒரு கணக்குப் போடுவோம்.

10 ஹெச்.பி., அதாவது 7.5 கிலோவாட், நாலு போல் மோட்டார். ஐ.இ.1 தரத்துல எஃபிஷியன்சி 86 சதவீதம், ஐ.இ.3-ல் 90.4. முழு லோடுல வருஷம் 6,000 மணி நேரம் ஓடினா, முதல் மோட்டார் சுமார் 52,300 யூனிட் எடுக்கும், ரெண்டாவது சுமார் 49,800. யூனிட் 8 ரூபாய்னு வச்சுக்கிட்டா, வருஷத்துக்கு ஏறக்குறைய 20,000 ரூபாய் வித்தியாசம். ரெண்டுல எதை எடுத்தாலும் ஒரு வருஷ கரண்ட் செலவு சுமார் 4 லட்சம். மோட்டார் விலை அதுக்குப் பக்கத்துலயே வராது.

இன்ஜினியரிங் படிச்சப்போ எஃபிஷியன்சி ஃபார்முலா எழுதி மார்க் வாங்கினேன். அது ரூபாயில என்னன்னு இந்த எபிசோடுக்காகத்தான் முதல்முறை போட்டுப் பார்த்தேன்.

அடுத்து காயில் கட்டுறது. கருகின சுருளை எடுக்க ஸ்டேட்டரை நேரா நெருப்புல போட்டா, உள்ளே இருக்கிற இரும்புத் தகடுகளுக்கு நடுவுல உள்ள பூச்சு கெட்டுப்போகும், கோர் நஷ்டம் கூடும். கம்பி கேஜ் மாறினாலும் நஷ்டம்தான். மோட்டார் பழையபடி சுத்தும், பில் மட்டும் ஏறும். முறையாக் கட்டினா இந்தப் பிரச்சினை வராது. கூடவே நம்ம ஊர்ப் பஞ்சு. ஃபேன் கவரை அடைச்சுக்கும், மோட்டார் சூடாகும். 10 டிகிரி கூடினா இன்சுலேஷன் ஆயுள் பாதியாகும்ங்கிறது எலக்ட்ரிக்கல்காரங்க சொல்ற பொதுக்கணக்கு.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால சாயப்பட்டறைகள் மூடப்பட்டதுக்கு அப்புறம், சாயத்தண்ணியைச் சொட்டு விடாம சுத்திகரிச்சாத்தான் தொழில்னு ஆச்சு. ஆர்.ஓ. பம்பு, ஆவியாக்குற கருவி எல்லாமே மோட்டார்தான். அதனால கரண்ட் இன்னும் பெரிய செலவு.

ஜாப் ஒர்க் பண்றவர் ஏன் விலை குறைஞ்ச மோட்டாரை வாங்குறார்னு எனக்குப் புரியுது. அடுத்த சீசன் ஆர்டர் உறுதியில்லை, கையில பணமும் இல்லை. ஆனா ராப்பகலா ஓடுற மோட்டார் எதுன்னு அவருக்குத் தெரியும். அந்த ஒண்ணை மாத்துறப்பவாவது விலைச்சீட்டுக்கு முன்னாடி நேம் பிளேட்டைப் பாருங்க. ஐ.இ. தரம் அதுலயே இருக்கும்.