மாத்தளை மாவட்டக் கிறிஸ்தவர்: இடர்க்காலத்தில் காத்த விசுவாசம்

மாத்தளை நகருக்குத் தெற்கே, கண்டி – மாத்தளை ரயில் பாதையில் உள்ள ஊர் உக்குவளை. சிங்கள பௌத்தரும் முஸ்லிம்களும் தோட்டத் தமிழரும் கலந்து வாழும் இந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் கிறிஸ்தவர் மிகச் சிறிய தொகையினர். ஆயினும் மாவட்டத்தில் அவர்களுடைய வேர் தேயிலைக்கும் கோப்பிக்கும் முந்தியது. அந்த வேர் ஆழமாகப் போனது கோயிலும் குருவும் இல்லாத காலத்தில்தான்.

மாவட்டத்தில் கலேவெலைப் பக்கமாக உள்ள வஹகோட்டைதான் மிகப் பழைய கத்தோலிக்க ஊர். கண்டி மன்னர்களோடு பொருது சிறைப்பட்ட போர்த்துக்கேயர் இங்கே குடியமர்த்தப்பட்டனர். உள்ளூர்ப் பெண்களை மணந்து சிங்களம் பேசுவோராக மாறினர். மொழி போயிற்று, உடை போயிற்று, வேதம் போகவில்லை. ஜூன் மாதம் புனித அந்தோனியார் திருவிழாவுக்கு இன்றும் வெகுதூரத்திலிருந்து யாத்திரிகர் இந்த ஊருக்கு வருகின்றனர்.

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்ததோடு கரையோரக் கத்தோலிக்கருக்குப் பெருந்துன்பம் தொடங்கியது. கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று 1658 செப்டெம்பரில் கட்டளை பிறந்தது. குருக்கள் நாடு கடத்தப்பட்டனர், கோயில்கள் பறிபோயின. இதன் காரணம் சமயக் கொள்கை மட்டும் அன்று. கத்தோலிக்கன் எவனும் போர்த்துக்கேயனுக்கு உளவு சொல்வான் என்ற அச்சமும்தான். ஞானஸ்நானப் பதிவும் திருமணப் பதிவும் ஒல்லாந்தத் திருச்சபையின் கையில் இருந்தன. ஏட்டில் பெயர் இல்லாவிட்டால் சொத்துரிமையே சிக்கலாகும். ஆகவே பகலில் அரசாங்க வேதத்துக்குத் தலையசைத்துவிட்டு, இரவில் கதவடைத்துச் செபமாலை சொன்ன குடும்பங்கள் பல. அவர்களைக் கோழைகள் என்று எளிதாகத் தீர்ப்பிட முடியாது. முப்பது ஆண்டுகள் பாவசங்கீர்த்தனம் கேட்க ஒரு குருவும் இல்லாமல், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்து வளர்த்தவர்கள் அவர்கள்.

அந்த இருளில் கோவாவிலிருந்து வந்தவர் யோசப் வாஸ் அடிகள் (1651 – 1711). 1687இல் தூத்துக்குடியில் கூலியாள் கோலம் பூண்டு, யோவான் என்ற இளைஞனைத் துணைகொண்டு கப்பலேறினார். யாழ்ப்பாணத்தில் கழுத்துச் செபமாலை வெளியே தெரியப் பிச்சையெடுத்துத் திரிந்தார். அதைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று பார்த்தே தம்மவர்களை அடையாளம் கண்டார். சில்லாலை அவருக்கு அடைக்கலம் தந்தது. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்து நூற்றுக்கணக்கானோரைச் சிறையிட்டனர். வாஸ் மட்டும் அவர்கள் கையில் அகப்படவில்லை.

புத்தளம் வழியாக 1692இல் அவர் கண்டியை அடைந்தார். அங்கே லனெரோல் என்ற பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர் அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று அரசவையில் குற்றஞ்சாட்ட, வாஸ் காவலில் வைக்கப்பட்டார். காவலிலேயே சிங்களம் கற்றார். 1696இல் மழை பொய்த்தபோது வெளியில் பீடம் அமைத்து வேண்டினார், மழை கொட்டியது என்பர். அதன்பின் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைத் தடையின்றி நடமாட விட்டான். மறு ஆண்டு அம்மை நோய் பரவியபோது, உறவினரே கைவிட்ட நோயாளிகளைக் குளிப்பாட்டி, செத்தவர்களை அடக்கம் செய்தவர் அவரே. கத்தோலிக்கரைத் துரத்தியது ஒரு கிறிஸ்தவ அரசு, அவர்களுக்கு நிழல் கொடுத்தது ஒரு பௌத்த அரசு. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

வாஸின் பெரிய சாதனை அமைப்பு முறையில் உள்ளது. ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியையும் நியமித்தார். மூப்பர் சபையைக் கவனிப்பார். அண்ணாவி செபம் நடத்தி, மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பார், சாவீட்டில் துணை நிற்பார். குரு ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் போதும், சபை சாகாது. தமிழிலிருந்து போன இந்த இரு சொற்களும் சிங்களக் கத்தோலிக்கர் நாவில் ‘முப்பு’, ‘அன்னாவி’ என நிலைத்தன. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இருமொழியிலும் நூல்கள் எழுதி அந்த அண்ணாவிமார் கையில் வாசிக்க ஏதேனும் இருக்கச் செய்தார். தமிழில் அவர் எழுதிய ‘தேவ அருள் வேத புராணம்’ அவற்றுள் ஒன்று. 1740களில் கண்டி அரசும் முகம் மாறிக் குருக்களைத் துரத்தியபோது, மக்களைத் தாங்கியது இந்த ஏற்பாடே. 1806இல் ஆங்கில ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கினார். கட்டாயம் தளர்ந்ததும் ஒல்லாந்த ஏட்டுக் கிறிஸ்தவர் பெருமளவில் கரைந்தனர்; துன்புறுத்தப்பட்ட கத்தோலிக்கரோ பெருகினர்.

தோட்டத் தமிழ்க் கிறிஸ்தவர் வரலாறு வேறு. தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்து மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்தவர்களுக்கு முதலில் தென்பட்ட மலைநாட்டு நகரம் மாத்தளை. வழியில் மாண்டவர் பலர். அவர்களிடையே ஊழியம் செய்யச் சர்ச் மிஷன் சங்கம் 1854இல் தொடங்கியதற்குத் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்று பெயர். இன்று கேட்க நெஞ்சு உறுத்தும் பெயர். திருநெல்வேலியில் பணியாற்றிய செப்டிமஸ் ஹொப்ஸ் அதன் முதல் மிஷனரி. திருநெல்வேலிச் சபைகளிலிருந்து வந்த உபதேசியார்கள் விடியற்காலை வேலையாட்கள் கூடும் பெரட்டுக் களத்திலும் மாலையில் அவர்கள் குடியிருந்த லயத்து வாசலிலும் பேசினர். உபதேசியார்களின் செலவில் பெரும்பங்கைத் தோட்டத் துரைமார் கொடுத்தனர். ஆகவே கங்காணிக்கும் துரைக்கும் நடுவில் நின்று வேதம் சொல்வது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்காது.

1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. லயத்துச் சபைகளும் அதில் சிதறின. தோட்டத் தமிழருக்காக வாதாடியவர்களுள் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் முக்கியமானவர். அவர் 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற சமூகப்பணி நிலையத்தை நிறுவினார். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்செயலில் மாத்தளை எரிந்தபோது முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. தமிழ்க் கிறிஸ்தவர் அடிபட்டதும் தமிழர் என்பதற்காகவே.

வாஸ் அடிகளை 1995இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத் திடலில் புனிதராகவும் திருத்தந்தையர் அறிவித்தனர். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆலயங்கள் குண்டுகளால் தாக்கப்பட்டன. அடுத்த ஞாயிறு பொதுத் திருப்பலிகள் நிறுத்தப்பட, கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் தம் இல்லத்தில் ஒப்புக்கொடுத்த பலியை மக்கள் தொலைக்காட்சி முன் அமர்ந்து கண்டனர். 2012 கணக்கெடுப்பின்படி நாட்டில் கிறிஸ்தவர் 7.4 சதவீதம், மாத்தளை மாவட்டத்தில் அதிலும் மிகக் குறைவு.