கல்யாண மகாலின் மண்குழாய்

தளவானூரில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேசுவராலயத்தைக் கண்டு செஞ்சிக்கு வருவோர், இராசகிரியின் அடியில் நிற்கும் கல்யாண மகாலைக் காணாமல் திரும்புவதில்லை. எட்டு நிலைகள் கொண்ட அக்கோபுரத்தின் அழகைப் பேசும் நாம், அதன் சுடுமண் குழாயைப் பேசுவதில்லை.

ஏறத்தாழ 500 கஜத் தொலைவிலிருந்த நீர்நிலையின் நீர், மண்குழாய்வழி வந்து ஆறாம் நிலைவரை ஏறியதாகக் கூறுவர். இது கூடுமா? நீர் தான் புறப்பட்ட மட்டத்தைத் தாண்டித் தானே ஏறாது. ஆகவே அந்நீர்நிலை ஆறாம் நிலையினும் உயர்ந்திருந்திருக்க வேண்டும். அன்றேல், இறைத்துத்தான் ஏற்றியிருக்க வேண்டும். மட்டம் பார்க்கும் கருவி கொண்டு தீர்க்கக்கூடிய வழக்கு இது.

குழாயின் பழுதுகளும் இவ்விதியை ஒட்டியே பிறக்கின்றன. 10 மீட்டர் உயர நீர்த்தூண், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ எடையாய் அழுத்தும். எனவே கசிவு பெரிதும் அடிமட்ட இணைப்புகளில் தோன்றும். வண்டல் தாழ்ந்த வளைவில் படியும். காற்று மேட்டு வளைவில் சிக்கி ஓட்டத்தைத் தடுக்கும். இன்றைய வீட்டு நீச்சற்குளத்தில் பழுது தேடுபவரும் இம்மூன்றையும் நோக்கியே ஆகவேண்டும். அவர் திருகும் வால்வுக்கு நம் ஏரிகளில் ஒரு மூத்த உறவு உண்டு: குமிழித்தூம்பின் துளையை மூடித் திறந்த அடைப்பு.

மராத்தியப் படைநிலக் காட்சிகளுள் ஒன்றாகச் செஞ்சியை 2025இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மதிலுக்குக் கிடைத்த காப்பு மண்குழாய்க்கும் கிடைக்க வேண்டும். சுவர் பூசுவோர் குழாயின் வாயையும் பூசிவிட்டால், நம் வழக்கின் சாட்சி வாயடைத்துப் போகும்.