சப்பிரகமுவ மலைகளில் யானைகள் இழந்த வழிகள்

சிவனொளிபாத மலை 2,243 மீற்றர் உயரமுடையது. யாத்திரிகர் பாறையிற் செதுக்கிய படிகளின் துணையோடு வருந்தி ஏறும் அதன் உச்சியிலே, 1840ஆம் ஆண்டில் வீதியமைப்பாளர் தோமஸ் ஸ்கின்னர் யானையொன்றின் அடிச்சுவட்டைக் கண்டார் என எமர்சன் டெனன்ட் எழுதியுள்ளார். இரத்தினபுரி மாவட்ட எல்லையில் நிற்கும் அம்மலையின் சரிவுகளில் இன்று யானைக்கூட்டங்களைக் காண்பது அரிது. இம்மாற்றத்தின் வரலாறு, சப்பிரகமுவப் பெருந்தோட்டங்களின் வரலாற்றோடு பின்னிப்பிணைந்ததாகும்.

அடிச்சுவடு காணப்பட்ட அதே 1840இல் முடிக்குரிய காணிகள் பற்றிய சட்டம் பிறந்தது. உரிமை காட்ட இயலாத காடுகள் யாவும் முடிக்குரியன எனக் கொள்ளப்பட்டு, கோப்பிச் செய்கைக்காகத் துரைமாருக்கு விற்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின்னரும் காடு மீளவில்லை. மேற்சரிவுகளைத் தேயிலையும், கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளின் தாழ்சரிவுகளை இறப்பரும் பற்றிக்கொண்டன. மலைக்கும் தாழ்நிலத்துக்குமிடையே யானைகள் சென்றுவந்த வழிகள் இவ்வாறு துண்டிக்கப்பட்டன.

துப்பாக்கியும் இவ்வழிவிற்குத் துணைநின்றது. 1845இல் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் ரொஜர்ஸ் 1,400 யானைகளுக்குமேற் சுட்டவர் எனப்படுகிறார். அரசாங்கமோ கொன்ற யானைக்குத் தலைக்கு இவ்வளவென வெகுமதி வழங்கியது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் மாண்டன. யானைகளைக் காக்கும் சட்டம் 1891இலேயே வந்தது. அதற்குள் மலைக்காடுகளிற் பெரும்பகுதி தோட்டங்களாகிவிட்டிருந்தது.

காட்டழிவுக்குத் தோட்டத் தொழிலாளரைக் காரணராக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. கோடரி பிடித்த கைகளுட் பல தமிழகத்திலிருந்து வந்தோருடையவை என்பது உண்மையே. ஆயின் வெட்டுமாறு பணித்த அதிகாரமும் அதனால் விளைந்த இலாபமும் அவர்களுடையனவல்ல. அவர்தம் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். காட்டைத் தோட்டமாக்கிய உழைப்புக்குக்கூட அம்மண்ணில் உரிமை கிட்டவில்லை.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை உலர்வலயத்தைச் சார்ந்தவை; ஈரவலயத்துச் சிங்கராஜ வனத்திலோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே எஞ்சியுள்ளன. 1972இல் உடவளவைத் தேசியப் பூங்காவும், 1975இல் கேகாலை மாவட்டத்துப் பின்னவலையில் அநாதை யானைக்கன்றுகளுக்கான இல்லமும் தோன்றின. இவை போற்றத்தக்கவை. எனினும் வேலிக்குள் வாழும் கன்று, மலைவழியறிந்த கூட்டத்துக்கு ஈடாகாது.

இவ்வுண்மையை வட துருவத்திலும் காணலாம். ஆண்டுதோறும் நெடுந்தூரம் இடம்பெயரும் கரிபு எனும் துருவ மான்கள், 1990களின் நடுப்பகுதிக்குப் பிந்திய இருபதாண்டுகளிற் பாதிக்குமேற் குறைந்துவிட்டன. அங்கே வெப்பமாதல் முன்னிற்கிறது. இங்கே நிலப்பசி முன்னின்றது. இடம்பெயர்ந்து வாழும் விலங்கைக் காப்பதென்பது அதன் வழியையும் காப்பதேயாம். சிங்கராஜ வனத்தையும் சிவனொளிபாதக் காட்டையும் சூழ்ந்து எஞ்சிய காட்டுத்துண்டுகளை இணைக்கும் கடமை, சப்பிரகமுவவின் வரலாறு நம்மிடம் வைக்கும் கோரிக்கையாகும்.