அயோடின் அளவும் சிறுநீர்ச் சோதனையும்

அயோடின், மிகச் சிறிய அளவிலேனும் மனித உடலுக்கு வாழ்நாள் முழுதும் தேவைப்படும் நுண்சத்து. வளர்ந்தவர் உடலில் 15 முதல் 20 மில்லிகிராம் இருக்கும். பெரும்பகுதி தைராய்டு சுரப்பியில். அச்சுரப்பி உண்டாக்கும் தைராக்சின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு.

அயோடின் போதாவிட்டால் சுரப்பி வீங்கி, முன்கழுத்துக் கழலை தோன்றும். கண்ணுக்குத் தெரியும் இந்த வீக்கத்தைவிடக் கொடியது, கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றிப்போவது. ஆகவே வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் என வரையறுக்கும் உலக சுகாதார நிறுவனம், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 250 என்கிறது.

உணவில் சேரும் அயோடினில் 90 விழுக்காட்டுக்குமேல் சிறுநீரில் வெளியேறுவதால் சோதனையும் அதிலேயே நடக்கிறது. பரவலாகக் கையாளப்படுவது சாண்டெல்–கோல்தாஃப் முறை. மஞ்சள் நிறச் சீரியம் கரைசல் ஆர்சனைட்டுடன் வினைபுரிந்து மெல்ல நிறமிழக்கும். அயோடின் இருந்தால் அது விரைவுபடும். நிறம் மறையும் வேகத்தைக் கொண்டு அளவைக் கணிப்பார்கள்.

இந்த எண்ணைத் தனிமனிதரின் நோய்க்குறியாகப் படிப்பது தவறு. அன்று உண்டதையும் குடித்த நீரையும் பொறுத்து, ஒரே ஆளிடம் காலையில் ஓர் அளவும் மாலையில் வேறோர் அளவும் வரும். பலரிடம் மாதிரி எடுத்து இடைநிலை மதிப்பைப் பார்த்தால்தான் ஓர் ஊரின் நிலை தெரியும். பள்ளிக் குழந்தைகளிடம் அது லிட்டருக்கு 100 முதல் 199 மைக்ரோகிராம் என்றால் போதுமானது. கர்ப்பிணிகளிடம் 150 முதல் 249. தனிநபருக்கு மருத்துவர் பார்ப்பது டிஎஸ்எச் முதலிய தைராய்டு இரத்தப் பரிசோதனைகளையே. தோலில் அயோடின் தடவி, கறை எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்க்கும் வழக்கத்துக்கு மருத்துவ மதிப்பு இல்லை. கறை காற்றில் ஆவியாகியும் மறையும்.

பற்றாக்குறையைப் போக்கும் வழி உப்பில் இருக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கசுவாமியின் குழுவினர் 1956இல் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பால் கழலை குறைவதை மெய்ப்பித்தது. 1962இல் இந்தியாவின் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. உப்பளத்தில் பொட்டாசியம் அயோடேட் கலக்கப்படுகிறது. வீடு வந்து சேரும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடின் எஞ்சியிருக்க வேண்டும். அப்படியானால் பத்து கிராம் உப்பிலேயே 150 மைக்ரோகிராம் கிடைத்துவிடும். தூத்துக்குடியும் வேதாரண்யமும் உப்பு விளைவிக்கும் தமிழ்நாட்டில், 2018–19 கணக்கெடுப்பின்படி போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் 61.9 விழுக்காடே. மாநிலங்களில் இதுவே கடைசி இடம், பெரிதும் கவலைக்குரியது. வீட்டு உப்பில் சோதனைக் கரைசலை ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருக்கும்பட்சத்தில் உப்பு ஊதா நிறமாகும்.