மணலுக்கு முந்திய கடதாசி

இலங்கையின் வடகிழக்குக் கரையிலுள்ள எங்கள் ஊரான புல்மோட்டையில், கறுப்பு மணலிலுள்ள இல்மனைட் என்ற கனியத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார்: "மணலை வெள்ளைத் தூளாக்கிற வித்தைக்கு வெள்ளைக்காரன் பேட்டன்ட் எடுத்து வச்சிருக்கான். அதனாலதான் நாங்க கறுப்பு மணலாவே கப்பல்ல ஏத்துறம்." என் வாப்பாவும் இதையே சொல்வார். அவர் கனிய மணல் கூட்டுத்தாபனத்தின் ஆலையில் காந்தப் பிரிப்பான் பகுதியில் வேலை பார்த்தவர். நான் கொழும்பில் ஆக்கவுரிமை (பேட்டன்ட்) முகவர் ஒருவரின் அலுவலகத்தில் கோப்புப் பார்த்துச் சீவித்தவன். அந்தப் பழைய பேட்டன்ட்களைத் தொழில் நிமித்தம் தேடி வாசித்த பிறகு வாப்பாவோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

எங்கள் கரை மணலைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. கறுத்து மினுங்கும். கையில் அள்ளினால் சாதாரண மணலைவிடப் பாரம். பலமான காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் இல்மனைட் எழும்பி ஒட்டிக்கொள்ளும். மணலிலுள்ள மற்றக் கனியங்களான ரூட்டைலும் சேர்கோனும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அவை இரண்டையும் பிரிக்க மின்சாரம் வேண்டும்: ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும், சேர்கோன் கடத்தாது. ஆலையில் நடப்பது இவ்வளவுதான், பெரிய அளவில். 1957இல் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் பிறகு இந்த மணல் கடல் கடந்து போய்க்கொண்டே இருந்தது, யுத்தம் மறித்த காலங்கள் நீங்கலாக. 1997 செப்டெம்பரில் எங்கள் கடலில் மணல் ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியாலிட்டி கப்பலை விடுதலைப் புலிகள் தாக்கியதை ஊரில் இன்னும் பேசுவார்கள்.

இனி அந்த 'வித்தை'. இல்மனைட்டைச் செறிந்த கந்தக அமிலத்தில் கரைப்பார்கள். இரும்பைப் பச்சை உப்பாக உறைய வைத்து எடுத்துவிடுவார்கள். மிஞ்சிய கரைசலைக் கொதிக்க வைத்தால் டைட்டானியம் வெள்ளையாக அடியில் படியும். அதைச் சூளையில் சுட்டு அரைத்தால் வண்ணப்பூச்சுக்காரர் தேடுகிற டைட்டானியம் டையொக்சைட். நோர்வேயில் ஃபாரூப்பும் ஜெப்சனும், அமெரிக்காவின் நயாகராவில் ரோஸியும் பார்ட்டனும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இதில் இறங்கினார்கள். 1916இல் நோர்வேயில் ஒரு கம்பனி, அமெரிக்காவில் ஒரு கம்பனி. ஒருவர் பேட்டன்ட்டை மற்றவர் மிதிக்காமல் தொழில் நடத்த முடியாது என்ற நிலை. வழக்கு, வம்பு என்று போகாமல் 1920இல் இரண்டு தரப்பும் ஒப்பந்தம் போட்டன: பேட்டன்ட்களை ஒருவருக்கொருவர் திறந்துவிடுவது, உலகச் சந்தையைப் பங்கு பிரித்துக்கொள்வது. பிறகு வேறு கம்பனிகளும் இந்த வலைக்குள் வந்தன. இப்படிச் சந்தையைப் பிரித்துக்கொண்டது சட்டவிரோதம் என்ற தீர்ப்பை 1947இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

நாடு தாண்டிப் பேட்டன்ட் விசயத்தில் ஒத்துழைப்பது எப்படி என்று அரசாங்க அலுவலகங்களுக்கு முன்னால் கம்பனிகளே கண்டுபிடித்துவிட்டன என்றுதான் எனக்குப் படுகிறது. அலுவலகங்களோ அப்போது ஒரே கண்டுபிடிப்பை ஆளுக்கொரு முறை, அடியிலிருந்து நுனிவரை வாசித்துக்கொண்டிருந்தன. 1883இன் பாரிஸ் உடன்படிக்கை கொடுத்தது கால அவகாசம் மட்டும்தான்: முதல் நாட்டில் விண்ணப்பித்த திகதியைக் காட்டி 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் போடலாம். வாசிக்கும் வேலை ஒரு பக்கமும் குறையவில்லை. பிரான்ஸும் பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகியவையும் சேர்ந்து ஹேக் நகரில் பொதுவான ஒரு தேடல் நிறுவனத்தைத் தொடங்கியது 1947இல். அமெரிக்கத் தீர்ப்பு வந்த அதே வருடம்.

வாப்பாவுக்கு நான் கணக்குப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். நாட்டுக்கு நாடு பேட்டன்ட்டின் ஆயுள் வேறு. ஆனால் 1910களிலும் 20களிலும் எடுத்த எதுவும் 1960கள்வரை உயிரோடு இருக்க வழியில்லை. எங்கள் கரையிலிருந்து மணல் கப்பலேறிய காலத்தில் அந்த அடிப்படைக் கடதாசிகள் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியவை. "அப்ப ஏன் செய்யல்ல?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. திருவனந்தபுரத்தைப் பாருங்கள்: 1946இல் தொடங்கிய திருவாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை, இங்கிலாந்தின் பிரிட்டிஷ் டைட்டன் கம்பனியின் தொழில்நுட்ப உதவியோடுதான் எழும்பியது. எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம், தூளின் பருமன் எது என்பதெல்லாம் கடதாசியில் இல்லை, வேலை செய்தவன் கையில் இருந்தது. போதாததுக்குக் கந்தக அமிலம் மலையாக வேண்டும். கழிவமிலத்தைக் கொட்ட இடம் வேண்டும். அந்த ஆலையின் கழிவு கடலுக்குப் போனதால் வந்த பிரச்சினை கேரளத்தில் பழைய கதை. எங்கள் கடலில் மீன் பிடிக்கிறவர்கள் நிறையப் பேர்.

பேட்டன்ட் அலுவலகங்களின் கதைக்கு வருகிறேன். டைட்டானியம் சேர்மங்கள் பற்றிய பேட்டன்ட்களைத் தேடுவதென்றால் நான் திறப்பது 'சி 01 ஜி 23' என்ற வகுப்பை. டோக்கியோவில் இருப்பவரும் மியூனிச்சில் இருப்பவரும் அதே எண்ணைத்தான் திறக்கிறார். 1971இன் ஸ்ட்ராஸ்பர்க் உடன்படிக்கையில் வகுத்த பொதுப் பாகுபாடு இது. இது வருமுன் அமெரிக்காவுக்கு ஒரு வகுப்பு முறை, ஜெர்மனிக்கு இன்னொன்று. பேட்டன்ட் பரிசோதனையை வேகப்படுத்திய காரியங்களில் இதைத்தான் நான் முதலாவதாக வைப்பேன். இதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

1970இல் வாஷிங்டனில் கைச்சாத்தாகி 1978இல் நடைமுறைக்கு வந்த ஆக்கவுரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை, ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு சர்வதேசத் தேடல் அறிக்கை என்ற வழியைத் திறந்தது. இலங்கை இதில் சேர்ந்தது 1982 பெப்ரவரியில். இந்தியா சேர்ந்தது 1998 டிசம்பரில். ஏதோ ஒரு பந்தயத்தில் அயலவரை 16 வருடம் முந்தினோம், அதுவும் ஒருவருக்கும் தெரியாமல். இங்கே இந்தத் தேடல் அறிக்கை ஆடம்பரமில்லை, தேவை. எல்லாத் துறைக்கும் பரிசோதகர்களை வைத்துச் சம்பளம் கொடுக்கச் சின்ன நாட்டால் முடியாது. ஆகவே 2003இன் புலமைச் சொத்துச் சட்டப்படி விண்ணப்பதாரி சர்வதேசத் தேடல் அறிக்கையைக் கொண்டுவந்து கொடுக்கலாம். இல்லாவிட்டால் உள்ளூர்ப் பரிசோதகரிடம் அனுப்பச் சொல்லிக் கட்டணம் கட்டலாம். அந்த அறிக்கை வரும் கோப்பை நான் எத்தனையோ முறை தைத்திருக்கிறேன். இடது பக்கத்தில் ஒற்றை எழுத்து: 'எக்ஸ்' என்றிருந்தால், பக்கத்தில் குறித்திருக்கும் அந்த ஒரு பழைய ஆவணமே போதும், உங்கள் கோரிக்கை விழுந்துவிடும். 'ஏ' என்றால் பின்னணித் தகவல், பயமில்லை. விண்ணப்பதாரியின் முகம் மாறுவது அந்த எழுத்தைப் பார்த்துத்தான்.

ஜப்பானும் அமெரிக்காவும் 2006 ஜூலையில் இன்னொரு படி போயின. ஓர் அலுவலகம் ஏற்ற கோரிக்கைகளைக் காட்டினால் மற்ற அலுவலகம் அந்த விண்ணப்பத்தை வரிசையில் முன்னுக்கு எடுக்கும். நெடுஞ்சாலை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். முன்னுக்கு எடுப்பது மட்டும்தான். தருவதா மறுப்பதா என்பதை அந்தந்த நாடு தன் சட்டப்படியே முடிவெடுக்கும். 2014இல் பல நாடுகள் ஒரே கூரையின் கீழ் இதைச் செய்யத் தொடங்கின.

இந்தியா இந்தச் சாலைக்குள் கவனமாகத்தான் இறங்கியது. 2019 டிசம்பரில் ஜப்பானோடு தொடங்கிய முன்னோட்டத்தில் வருடத்துக்கு 100 விண்ணப்பங்கள் என்று எல்லை வைத்தார்கள். இந்திய அலுவலகம் எடுத்துக்கொண்ட துறைகளும் எண்ணிச் சொல்லக்கூடியவை: மின், மின்னணு, கணினி, பௌதிகம், கட்டடம், இயந்திரம், துணி, வாகனம், உலோகவியல் என்று. இரசாயனமும் மருந்தும் பட்டியலில் இருக்கவில்லை. மருந்து விலைக்காக வைத்த வேலி அது என்பது என் ஊகம். அந்தப் பட்டியலை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஊர் மணல். இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் உலோகம் எடுக்கும் புது முறை என்றால் உலோகவியல், அந்த முன்னோட்டத்தில் சாலையில் ஏறலாம். அதே இல்மனைட்டிலிருந்து வெள்ளைத் தூள் எடுக்கும் புது முறை என்றால் இரசாயனம். பழைய வரிசையில் நின்று காத்திருக்க வேண்டியதுதான்.