கொத்தடிமைகளுக்காக ஒலித்த குரல்: சுவாமி அக்னிவேஷ்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே போனால் கல்வராயன் மலை. நம் வயல்களுக்குத் தண்ணீர் தரும் கோமுகி ஆறு அங்கிருந்துதான் இறங்கி வருகிறது. அந்த மலையின் மக்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். நாடு 1947இல் விடுதலை பெற்றது. ஆனால் அந்த மலைக்கு விடுதலை வர மேலும் 29 ஆண்டுகள் ஆயின. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்களின் ஆளுகையில் மலை இருந்தது. நிலம் உழுதவன் பெயரில் இல்லை. ஜாகிர்தாரின் நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. 1976இல்தான் அரசு அந்த ஜாகிர்களைக் கையகப்படுத்தியது.

அதே 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1975 அக்டோபர் 25 முதலே அது நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. கடனைக் காட்டி ஒருவரைக் கட்டிவைத்து வேலை வாங்குவது குற்றம். அந்தக் கடனும் அன்றோடு செல்லாது. சட்டம் இவ்வளவு தெளிவாகப் பேசியும், "எங்களிடம் கொத்தடிமையே இல்லை" என்று பல மாநில அரசுகள் கைவிரித்தன. ஊமையாகக் கிடந்த அந்தச் சட்டத்தைப் பேசவைத்தவர்களில் முதன்மையானவர் சுவாமி அக்னிவேஷ்.

பேராசிரியர் துறவியானார்

அவருடைய இயற்பெயர் வேபா ஷியாம் ராவ். 1939 செப்டம்பர் 21இல் ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்தில் பிறந்தார். இன்றைய சத்தீஸ்கரில் உள்ள சக்தி என்ற சமஸ்தானத்தில், திவானாக இருந்த தாய்வழிப் பாட்டனாரிடம் வளர்ந்தார். கொல்கத்தாவின் செயின்ட் சேவியர் கல்லூரியில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். 1968இல் அதை விட்டு ஹரியானா சென்று ஆரிய சமாஜத்தில் இணைந்தார். 1970இல் துறவு பூண்டார்.

1977இல் ஹரியானா சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1979இல் கல்வி அமைச்சரானார். பரீதாபாத்தில் தொழிலாளர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியபோது, அமைச்சராக இருந்துகொண்டே தம் அரசை எதிர்த்துப் பேசினார். சில மாதங்களிலேயே பதவி போனது. பதவிக்காக வாயை மூடிக்கொள்ளாத அந்தக் குணம்தான் பிறகு அவருடைய அடையாளமானது.

ஒரு கடிதம், ஒரு தீர்ப்பு

1981இல் 'பந்துவா முக்தி மோர்ச்சா' என்ற கொத்தடிமை விடுதலை முன்னணியைத் தொடங்கினார். பரீதாபாத் கல் குவாரிகளில் தொழிலாளர்கள் படும் துயரைச் சொல்லி அந்த அமைப்பு 1982இல் உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று, நேரில் பார்த்துவர வழக்கறிஞர்களை அனுப்பியது.

ஹரியானா அரசு வைத்த வாதம் விசித்திரமானது. அங்கே கட்டாய வேலை நடந்திருக்கலாம். ஆனால் முன்பணம் வாங்கியதற்கு ஆதாரம் இல்லாததால் அவர்கள் கொத்தடிமைகள் ஆகமாட்டார்கள் என்றது. 1983 டிசம்பர் 16இல் வந்த தீர்ப்பு இதை ஏற்கவில்லை. கட்டாய வேலை வாங்கப்படுகிறது என்று தெரிந்தாலே, முன்பணத்துக்காகத்தான் அது நடக்கிறது என்று நீதிமன்றம் அனுமானிக்கும். அப்படியில்லை என்று காட்டும் பொறுப்பு எதிர்த்தரப்பைச் சேர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவனிடம் கடன் சீட்டைக் கேட்பது எவ்வளவு பெரிய அநீதி என்பதை அந்தத் தீர்ப்பு உணர்ந்திருந்தது.

1994 முதல் பத்தாண்டுகள், தற்கால அடிமைமுறைகளுக்கான ஐ.நா. நிதியத்தின் தலைவராகவும் அவர் இருந்தார்.

நமக்காகவும் நடந்தவர்

மீரட் கலவரத்தில் முஸ்லிம் இளைஞர்கள் கொல்லப்பட்டதைக் கண்டித்து, டெல்லியிலிருந்து மீரட்டுக்குப் பல சமயத்தாரையும் சேர்த்து நடைபயணம் சென்றார். 2004இல் அவருக்கு வழங்கப்பட்ட 'ரைட் லைவ்லிஹுட்' விருதை அவரோடு பகிர்ந்துகொண்டவர் முஸ்லிம் அறிஞர் அஸ்கர் அலி இன்ஜினியர்.

2018 ஜூலையில் ஜார்க்கண்டின் பாகூரில், பஹாடியா பழங்குடியினரின் நிகழ்ச்சிக்குச் சென்றிருந்தபோது ஒரு கும்பல் அவரைக் கீழே தள்ளித் தாக்கியது. அப்போது அவருக்கு வயது 78. 2020 செப்டம்பர் 11இல் டெல்லியில் மறைந்தார்.

கொள்கையில் அவருக்கும் நமக்கும் வேறுபாடுகள் உண்டு. ஆனால் நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன், அநீதி இழைக்கப்பட்டவருக்குத் துணைநிற்க மக்காவாசிகள் செய்த 'ஹில்ஃபுல் ஃபுளூல்' உடன்படிக்கையில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்னரும் அதைப் பெருமையாக நினைவுகூர்ந்தார்கள். நீதிக்காக யார் அழைத்தாலும் சேர்ந்து நிற்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று நமக்குத் தேவையில்லை.

அமெரிக்காவின் பிரடெரிக் டக்ளஸ்

அக்னிவேஷுக்கு ஒரு நூற்றாண்டு முன்னால் அமெரிக்காவில் இதே பணியைச் செய்தவர் பிரடெரிக் டக்ளஸ். 1818 வாக்கில் மேரிலாந்தில் அடிமையாகவே பிறந்தவர். தெருப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்து எழுத்துக் கற்றவர். 1838இல் தப்பியோடி, பிறகு மேடைகளில் அடிமை முறைக்கு எதிராக முழங்கியவர். 1846இல் பிரிட்டிஷ் நண்பர்கள் பணம் திரட்டி, எஜமானனுக்குக் கொடுத்து அவருக்குச் சட்டப்படி விடுதலை வாங்கித் தந்தார்கள். மனிதனுக்கு விலை கொடுப்பது, அவன் ஒரு சொத்து என்பதை ஒப்புக்கொள்வதாகாதா என்று அன்றே சிலர் ஆட்சேபித்தார்கள்.

இன்று நம் நாட்டில் அந்தத் தர்மசங்கடம் இல்லை. கொத்தடிமைக் கடன் சட்டப்படி செல்லாக் கடன். அதை அடைக்க யாரும் நிதி திரட்ட வேண்டியதில்லை. ஆட்சியரிடமோ வருவாய்க் கோட்டாட்சியரிடமோ தெரிவித்தால் விசாரணை நடத்தி, விடுதலைச் சான்றிதழ் தருவது அவர்கள் கடமை. மறுவாழ்வு உதவிக்கு அந்தச் சான்றிதழே அடிப்படை.

நம் கணக்கு நோட்டு

ஜாகிர் ஒழிந்ததோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. பிழைப்புக்காக மலையிலிருந்து மக்கள் வெளியூர்களுக்கு இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்து வழக்கு எடுத்தது. ஜாகிர் போய் அரை நூற்றாண்டு நெருங்கும்போதும் நிலைமை அப்படித்தான்.

கரும்பு வெட்டு, செங்கல் சூளை, அரிசி ஆலை, வீட்டு வேலை என்று எங்கும் அட்வான்ஸ் உண்டு. அட்வான்ஸ் கொடுப்பது மட்டுமே குற்றமாகிவிடாது. கடன் தீரும்வரை வெளியே போகக் கூடாது, வேறு இடத்தில் வேலை பார்க்கக் கூடாது, கொடுத்ததுதான் கூலி என்று சொல்லும்போது அது விலங்காகிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய வேலையே என்று 1982இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவரை உமய்யாவிடமிருந்து மீட்டு விடுதலை செய்தது அபூபக்ர் (ரலி). ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் அடிமைகளை விடுவிப்பதும் கடனாளிகளும் இருக்கிறார்கள். மருத்துவச் செலவுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் தரகரிடம் கைநீட்டும் முன்பே ஒரு ஏழைக்கு நம் ஜமாஅத்தின் உதவி கிடைத்தால், அந்த விலங்கு பூட்டப்படவே போவதில்லை. நம் கடையிலும் களத்திலும் வேலை செய்பவரின் கணக்கு நோட்டை இன்றே எடுத்துப் பார்ப்போம். "நாளை முதல் வேறு இடம் போகிறேன்" என்று அவர் பயமில்லாமல் சொல்ல முடியுமா? முடியாது என்றால், அக்னிவேஷ் பேசியது நம்மையும் சேர்த்துத்தான்.