தரங்கம்பாடிக் கோட்டைநகர்: கட்டட மீட்பும் சொல்வழக்கும்

மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலக் கல்வெட்டு சடங்கன்பாடி எனக் குறிக்கும் ஊரே பின்னர்த் தரங்கம்பாடி என வழங்கலாயிற்று. டேனியர் வழக்கில் அது டிராங்கேபார் எனத் திரிந்தது. தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620-இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் இங்கு டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. 1715-இல் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு இவ்வூரில் அச்சேறியது.

1845-இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. பின்னர் வாணிகம் நலிந்தது. புதுக் கட்டடங்கள் மிகுதியாக எழாமையால் கோட்டைநகரின் பழைய தெருவமைப்புப் பெரிதும் நிலைத்தது. தெருப்பெயரோ மொழி மாறியும் பொருள் மாறாது நின்றது: அரசன் வீதி எனப் பொருள்படும் டேனியப் பெயராகிய கோங்கென்ஸ்கேட, ஆங்கிலத்தில் கிங் ஸ்ட்ரீட் என மொழிபெயர்க்கப்பட்டது.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் மீட்புப்பணி விரிவடைந்தது. இன்டாக் அமைப்பு ஐரோப்பிய மாளிகைகளோடு அமையாது, கோல்ட்ஸ்மித் வீதியின் தமிழ் ஓட்டு வீடுகளையும் செப்பனிட்டமை குறிப்பிடத்தக்கது. திண்ணை, முற்றம், தாழ்வாரம் ஆகியன கட்டட உறுப்புகள் மட்டுமல்ல. அவ்வீடுகளில் வாழ்வோர் நாள்தோறும் ஆளும் சொற்களுமாகும். வீடுகள் அனைத்தும் விடுதிகளாகவும் அருங்காட்சியகங்களாகவும் மாறிக் குடிகள் அகல்வாராயின், அச்சொற்கள் விளக்கப் பலகையில் மட்டுமே எஞ்சும். எனவே, பழைய தெருக்களின் மீட்புத் திட்டம் கட்டடத்தோடு குடியிருப்பையும் காப்பதாக அமைதல் வேண்டும்.